முன்னும் பின்னுமாக மலையேறும் ரயில்

ஜப்பானின் ஷிமானே மாகாணத்து மலைகளுக்குள் இசுமோ-சாகானே என்று ஒரு சின்ன ஸ்டேஷன். 565 மீட்டர் உயரம். அடுத்த ஸ்டேஷன் மீயினோஹரா, 727 மீட்டர். நேர்கோட்டில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ரயில் 6.4 கிலோமீட்டர் போகிறது.

காரணம் சக்கரத்தில் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு காசு அளவுதான். சமதளத்தில் அதனால்தான் ரயில் இவ்வளவு லேசாக உருள்கிறது. ஏற்றத்திலோ பிடிமானம் போதாது. ஈர இலையோ பனியோ தண்டவாளத்தில் விழுந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இந்த மலையில் நேராக ஏறினால் எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர வேண்டும். இந்த ரயில் ஓடும் கிசுக்கி பாதை தாங்கும் ஏற்றம் முப்பத்து மூன்று மீட்டருக்கு ஒன்று.

சரி, வளைந்து ஏறலாமே? ரயில் வளைய அகலமான இடம் வேண்டும். இங்கே சரிவு குறுகல். அதனால் திரும்பாமலேயே திசை மாற்றினார்கள்.

ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி இசுமோ-சாகானேக்குள் வந்து நிற்கிறது. ஓட்டுநர் எழுந்து, பயணிகளைத் தாண்டி மறுமுனைக்கு நடக்கிறார். அங்கேயும் ஓட்டுநர் இருக்கை உண்டு. இப்போது வண்டி வந்த திசைக்கே திரும்பிப் போகிறது, ஆனால் தண்டவாளம் இரண்டாகக் கிளைக்கும் பாயிண்ட்டில் பிரிந்து வேறொரு தண்டவாளத்தில், மேல்நோக்கி. கொஞ்ச தூரத்தில் பாதை முடிந்துவிடும். பாயிண்ட்டுகளில் பனி அடைக்காமலிருக்க அங்கே கூரை போட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் மறுபடி பழைய முனைக்கு நடக்கிறார். வண்டி மறுபடி முன்னோக்கி ஏறுகிறது. சற்று முன் நின்றிருந்த ஸ்டேஷன் இப்போது கீழே தெரிகிறது. மூன்று கோடுகளில் ஒரு இசட் எழுத்து, அவ்வளவுதான். பல் சக்கரமோ கூடுதல் எஞ்சினோ இல்லாமல், ஓட்டுநரின் நடையையும் சில நிமிடங்களையும் செலவழித்து மலையை வென்றுவிடுகிறார்கள். இந்த எளிமைதான் என்னை மிகவும் கவர்ந்தது.

ஷின்ஜியிலிருந்து பிங்கோ-ஒச்சியாய் வரை 81.9 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை 1937-இல் முழுமையடைந்தது. வண்டியில் கண்டக்டர் கிடையாது. ஏறும்போது எண் அச்சிட்ட சீட்டை எடுக்க வேண்டும். முன்னால் இருக்கும் பலகை அந்த எண்ணுக்கு நேரே கட்டணத்தைக் காட்டும். இறங்கும்போது ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் உண்டியலில் காசைப் போட வேண்டும்.

இப்போது பக்கத்திலேயே வட்டமாகச் சுற்றியேறும் நெடுஞ்சாலை இருக்கிறது. ஊர்க்காரர்கள் காரில் போய்விடுகிறார்கள். 1998 முதல் ஓடிய திறந்தவெளி சுற்றுலா ரயிலும் 2023-இல் நின்றுவிட்டது. அந்த ஏற்றத்தில் நாளுக்கு மூன்று நடை வண்டிகள்தான் மிச்சம். கடும்பனி பெய்தால் அவையும் நின்றுவிடும்.