நுண்தொழில் வேண்டாம், குறுந்தொழில் போதும்

தன்னார்வ நிறுவனங்களின் பதாகைகளிலும் வங்கிகளின் துண்டறிக்கைகளிலும் "நுண்தொழில்முனைவோர்" என்ற சொல் இப்போது ஓயாமல் கண்ணில் படுகிறது. வியாசர்பாடியில் தள்ளுவண்டியில் பழம் விற்பவர், கண்ணகி நகரில் மாலையானால் வீட்டு வாசலில் அடுப்பு வைத்து பஜ்ஜி போடுபவர், புளியந்தோப்பில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர் எல்லாரும் இந்தச் சொல்லுக்குள் அடக்கம். சொல் புதிது என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. பொருள் பிழையாக இருக்கிறது. அதைவிடப் பொருத்தமான சொல் ஏற்கெனவே நம் புழக்கத்தில் இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டு இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

நுண்தொழில் என்பதன் மூலச் சொல் ஆங்கிலத்தின் மைக்ரோ எண்டர்பிரைஸ். மைக்ரோ என்பதன் வேர் கிரேக்கத்தின் 'மிக்ரோஸ்', அதாவது சிறியது. எண்டர்பிரைஸ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒரு காரியத்தைக் கையில் எடுத்துக்கொள்வது என்பது அதன் அடிப்பொருள். ஆந்த்ரப்ரனர் என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். அதற்கு நாம் வைத்த 'முனைவோர்' நல்ல சொல். முனைதல் என்றால் ஊக்கத்தோடு ஒன்றில் இறங்குதல். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சிக்கல் முழுவதும் முன்னால் ஒட்டிய 'நுண்'ணில் இருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது எளிது. மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி ஆனது; கிருமிகள் நுண்ணுயிர் ஆயின. இரண்டும் அருமையான சொற்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாததைத்தான் அங்கே நுண் என்கிறோம். மைக்ரோ எகனாமிக்ஸுக்கு நுண்பொருளியல் என்பதும் சரி. தனி வீட்டையும் தனி நிறுவனத்தையும் உற்றுப் பார்த்து ஆராயும் துறை அது. அங்கே நுண் என்பது பார்வையின் கூர்மையைச் சொல்கிறது. சொட்டுநீரை நுண்ணீர்ப் பாசனம் என்பதும் தகும். ஆனால் மைக்ரோ என்று எங்கே கண்டாலும் நுண் என்று போட்டுவிடலாம் என ஒரு பழக்கம் வந்துவிட்டது பாருங்கள், அங்கேதான் கெட்டது. தெருமுனைப் பெட்டிக்கடை கண்ணுக்குத் தெரியாத பொருளா? தெருவில் முதலில் கண்ணில் படுவதே அதுதான்.

தமிழில் நுண்மை என்பது அளவைவிடத் தன்மையையே அதிகம் சொல்லும் சொல். நுண்ணறிவு என்றால் சின்ன அறிவு இல்லை, கூர்ந்த அறிவு. நுண்கலை என்றால் சின்னக் கலை இல்லை. தொழிலோடு சேரும்போது இது இன்னும் திட்டவட்டம். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் வரும்போது "நுண்வினைக் கொல்லர் நூற்றுவர்" பின்னால் வருகிறார்கள். அந்த நூறு பேரும் சிறு முதலீட்டுக்காரர்கள் என்றா இளங்கோவடிகள் சொல்கிறார்? நகாசு வேலையில் தேர்ந்தவர்கள் என்கிறார். வினையும் தொழிலும் ஒன்று. ஆகவே நுண்தொழில் என்றால் கைத்திறன் மிகுந்த வேலை என்பதே தமிழ்க் காதில் விழும் பொருள்.

இது வெறும் ஏட்டு வாதம் இல்லை. சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையைப் படித்துவிட்டு ஒரு பெண் எழுந்து கேட்டார்: "ஏன் சார், நுண்தொழில்னா ஆரி வேலை, எம்பிராய்டரி மாதிரியா? நான் இட்லிக் கடை போட்டிருக்கேன். எனக்கு இதுல கடன் உண்டா, இல்லையா?" அந்த அம்மாவின் தமிழறிவில் எந்தப் பிழையும் இல்லை. பதாகை எழுதியவர் விட்ட பிழைக்கு அவர் எழுந்து நின்று விளக்கம் கேட்க வேண்டியிருந்தது.

சரியான சொல் குறுந்தொழில். தமிழ்நாட்டு அரசுத் துறையின் பெயரே 'குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை' என்றுதான் இருக்கிறது. இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். முதலாவது, குறுமையும் சிறுமையும் ஒரே பொருள். எது பெரிது எது சிறிது என்று மக்களுக்குத் தெரியாது. ஆகவே நுண் என்று வைத்தால் படிநிலை தெளிவாகும் என்பது. இதைச் சொல்பவர்கள் வட்டாட்சியர் அலுவலகப் பக்கம் போனதே இல்லையா? 'சிறு, குறு விவசாயி சான்றிதழ்' வாங்காத ஊர் எது? இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. சிறுவுக்குக் கீழே குறு என்ற படிநிலையை நாட்டுப்புறத்து மக்கள் நீண்ட காலமாக நாவில் வைத்திருக்கிறார்கள். சொட்டுநீர் மானியத்துக்கு மனுப் போட்டவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், தயங்காமல் சொல்வார். இத்தனை பழகிய ஒரு சொல்லை, தெளிவு வேண்டும் என்று சொல்லி ஓரம் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது வாதம், குறு என்பது நீளக் குறைவைத்தான் குறிக்கும், அளவுக் குறைவைக் குறிக்காது என்பது. குறுநில மன்னர் நிலத்தின் நீளத்தாலா அந்தப் பெயர் பெற்றார்? அரிசி இடியும்போது விழும் குறுநொய்யை முழக்கோல் வைத்தா அளக்கிறோம்? மூன்றாவது வாதம்தான் எனக்கு ஆத்திரமே மூட்டுவது: 'குறு' கேட்க மட்டமாக இருக்கிறதாம், நுண் என்றால் மரியாதையாக இருக்கிறதாம். உழைக்கிறவருக்கு மரியாதை தர வேண்டுமானால் அவருக்கு விளங்கும் சொல்லில் அவரிடம் பேச வேண்டும்.

இலங்கையில் நுண்கடன், நுண்நிதி என்பவை ஊன்றிவிட்டன. அவற்றைப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம். அங்குள்ள பெண்கள் அச்சொற்களை நன்றாக அறிவார்கள். ஆனால் அதையே சாக்காக வைத்துத் தொழிலுக்கும் நுண் வேண்டும் என்பது பொருந்தாது. தமிழ்நாட்டில் கடனுக்கு இருக்கும் சொற்களே வேறு. 'குழு லோன்' என்பார்கள், 'வாரக் கடன்' என்பார்கள். பத்தாயிரம் என்று பேசி முன்கூட்டியே ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, நாளுக்கு நூறு என்று நூறு நாள் வசூலிப்பதைத் 'தண்டல்' என்பார்கள். அந்தத் தண்டலிலிருந்து இவர்களை மீட்கத்தான் இத்தனை திட்டமும். மீட்க வருகிறவரின் தமிழ், தண்டல்காரர் பேசும் தமிழைவிடத் தெளிவாக இருக்க வேண்டாமா?

குறுந்தொழில் என்ற சொல்லுக்கு ஒரு சோதனை சட்டத்திலிருந்து வந்திருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறுந்தொழில் என்றால் இயந்திர முதலீடு 25 லட்சத்துக்குள், சேவைத் தொழிலானால் 10 லட்சத்துக்குள். 2020 ஜூலையில் முதலீடு ஒரு கோடி, விற்றுமுதல் (ஆண்டு விற்பனை) 5 கோடி வரை என உயர்த்தினார்கள். 2025 ஏப்ரல் முதல் அது முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் வந்த பிரதமரின் ஸ்வநிதி திட்டமோ 10,000 ரூபாய்க் கடனில் தொடங்கியது. அப்படிப்பட்ட சின்னக் கடனை நம்பி நிற்கும் வண்டிக்காரரும் இரண்டரைக் கோடி முதலீட்டுக்காரரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகுப்பு. ஆகவே சட்ட வகைப்பாட்டைச் சொல்லும்போது குறுந்தொழில் என்று எழுதுங்கள். ஆளைச் சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: விற்றால் கடை, செய்தால் பட்டறை, நகர்ந்தால் வண்டி, தனியாள் செய்தால் சுயதொழில். எண்டர்பிரைஸ் என்ற ஒற்றைச் சொல் மறைத்து வைப்பதைத் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து மும்பைத் தெருக்களுக்குத் தூக்கிச் செல்லும் நம்மவர்களை 'நுண்நிறுவன உரிமையாளர்கள்' என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். நிறுவுதல் என்றால் ஓரிடத்தில் நிலைநாட்டுதல். தலையில் இட்லிப் பாத்திரத்தோடு நடப்பவர் எதை நிறுவினார்?

தெருவிலிருந்து சொல் எடுக்கத் தயங்காதவர்களும் இருக்கிறார்கள். கென்யாவில் திறந்த வெளியில் தகரம் தட்டிப் பெட்டியும் அடுப்பும் செய்பவர்களை சுவாகிலியில் 'ஜுவா காலி' என்பார்கள். ஜுவா என்றால் வெயில், காலி என்றால் கடுமை. சுட்டெரிக்கும் வெயிலில் நின்று செய்யும் வேலை என்பதால் அந்தப் பெயர். நைரோபியின் பட்டறைக்காரர்கள் வாயில் புழங்கிய அந்தச் சொல் அரசு ஆவணங்களுக்குள்ளும் அப்படியே ஏறியது. நமக்கும் 'பட்டறை' இருக்கிறது, 'தள்ளுவண்டி' இருக்கிறது. கூப்பிட்டால் வந்து நிற்கும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சொல் மங்கும்போது திட்டமும் மங்குகிறது. சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகள் கட்டி, கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை பழைய இடத்தில், வீடு புதிய இடத்தில். தரைத்தளத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்து மாவுக் கடை போடலாம். மாவாட்ட, பாத்திரம் கழுவ, பொட்டலம் கட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதில் வேலை உண்டு. ஏழாவது மாடியில் இருப்பவர் யாருக்கு விற்பார்? அவருக்குத் தேவை கீழே ஒரு கடையிடம். 'நுண்தொழில்முனைவு ஆற்றல் மேம்பாடு' என்று தலைப்பிட்ட அறிக்கையில் கடையிடம் என்ற சொல்லே வராமல் போய்விடுகிறது. கடை என்று எழுதியிருந்தால் இடம் எங்கே என்ற கேள்வி தானாக எழுந்திருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்கு இன்னும் ஒரு வழக்கு உண்டு. 'முனைவோர்' என்பதே பலர்பால். அதில் 'கள்' சேர்த்து 'முனைவோர்கள்' என்று எழுதாதீர்கள். ஒரே பெண்ணைக் குறித்து 'அவர் ஒரு நுண்தொழில்முனைவோர்' என்றும் எழுதாதீர்கள்; ஒருவர் என்றால் முனைபவர். 'வளம் குறைந்த அக்கம்பக்கங்கள்' என்பதும் தமிழ் இல்லை. அக்கம்பக்கம் என்பது ஊர்ப்பகுதியின் பெயரன்று, பக்கத்தில் இருப்பது. பகுதி, பேட்டை, குப்பம், நகர் என்று இடத்துக்கு இடம் சொல் இருக்கிறது.

அண்மையில் கைக்கு வந்த ஒரு திட்ட அறிக்கையின் முதல் வரி இது: 'வளம் குறைந்த நகர்ப்புற அக்கம்பக்கங்களில் நுண்தொழில்முனைவோர்களை வலுவூட்டுவதன் மூலம் வேலைவாய்ப்புகளை உருவாக்குதல்.' திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்தது: 'வசதி குறைந்த நகரப் பகுதிகளில் சின்னக் கடைகளும் பட்டறைகளும் பெருக உதவி செய்து, அங்கே இருப்பவர்களுக்கு அங்கேயே வேலை கிடைக்கச் செய்தல்.'