திங்கட்கிழமை வயிற்றுவலி

எட்டாம் வகுப்புப் பையன். அம்மா மேசைமேல் வைத்த துணிப்பையில் மூன்று ஸ்கேன் அறிக்கைகள், ஒரு கட்டு இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். அவன் மணிக்கட்டில் பாட்டி மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. ஏழு மாதமாக வயிற்றுவலி. எல்லாப் பரிசோதனையும் நார்மல். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"வலி என்றைக்கு அதிகம்?" என்று கேட்டேன். அம்மா யோசித்தார். பையன் தரையைப் பார்த்தபடி, "திங்கட்கிழமை" என்றான்.

"நடிக்கிறான் டாக்டர்" என்றார் அப்பா. இல்லை. பதற்றம் ஏறும்போது வயிறு உண்மையாகவே முறுக்கிப் பிடிக்கும். மூன்றாவது சந்திப்பில்தான் விஷயம் வெளியே வந்தது: வகுப்பில் எழுந்து வாசிக்கும்போது நாக்குக் குழறியிருக்கிறது, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத நாளெல்லாம் அவனுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைத் தின்றே பயம் வளர்ந்தது.

மாத்திரை எழுதவில்லை. முதல் நாள் சீருடை அணிந்து பள்ளி வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அடுத்து நூலகத்தில் அரைமணி நேரம். பிறகு இரண்டு பாடவேளை. வகுப்பாசிரியரும் கைகொடுத்ததால் மூன்றரை மாதத்தில் முழுநாளும் உட்கார்ந்தான். முதல் மாதத்திலேயே வந்திருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ 'வயசுக் கோளாறு, சரியாகிவிடும்' என்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை தள்ளிப்போடுகிறோம். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், படிப்பு இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் தடம் மாறியிருந்தால் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஒன்றுக்கு மட்டும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை அன்றைக்கே அழைத்து வரவேண்டும். அதுவரை தனியே விடக்கூடாது. 'மிரட்டுகிறாள்' என்று ஒதுக்காதீர்கள். 'சாகத் தோன்றுகிறதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பெரும்பாலும் பிள்ளை அழுதுவிட்டுப் பேசத் தொடங்கும்.

பையன் சென்ற மாதம் வந்திருந்தான். கயிறு சாயம் வெளுத்து அப்படியே இருந்தது. குணமானது அதனால்தான் என்று பாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் மறுத்துப் பேசவில்லை.