மழைக்கு முன்பே உங்கள் ஊராட்சி தயாராக இருக்க வேண்டும்: சட்டம் சொல்வது என்ன?

புயல் எச்சரிக்கை வந்ததும் நாம் எல்லோரும் கலெக்டர் அலுவலகத்தைத்தான் எதிர்பார்க்கிறோம். படகும் அரிசியும் அங்கிருந்து வரும் என்று காத்திருக்கிறோம். ஆனால் மரம் விழுந்து சாலை அடைபட்டு, செல்போன் டவரும் செயலிழந்துவிட்டால், முதல் ஒன்றிரண்டு நாள் வெளியிலிருந்து யாரும் ஊருக்குள் வர முடியாது. அப்போது ஊரில் இருப்பது ஊராட்சி அலுவலகமும் டேங்க் ஆபரேட்டரும் தூய்மைக் காவலர்களும் அக்கம்பக்கத்தாரும்தான். அதனால்தான் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 உள்ளாட்சிகளுக்கென்று தனிக் கடமைகளை வகுத்திருக்கிறது. இது மக்களில் பலருக்குத் தெரியாது. உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களிலும் சிலருக்குத் தெரியாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து நிறைவேறிய சட்டம் இது. ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்கும். அந்த ஆணையத்தின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு உள்ளாட்சி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிரிவு 41 சொல்கிறது. தன் அலுவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் பேரிடர்ப் பயிற்சி கிடைக்கச் செய்ய வேண்டும். தேவையான பொருட்களை எந்த நேரத்திலும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டும். தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் பேரிடர்த் தடுப்புத் தரத்தின்படி இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பாதிப்பு நேர்ந்தால் நிவாரணமும் மறுசீரமைப்பும் செய்ய வேண்டும். பிரிவு 32-ன்படி உள்ளாட்சி தனக்கென்று ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை எழுதி, அவ்வப்போது திருத்தி, அதன் நகலை மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்கவும் வேண்டும்.

இவற்றில் நான் மிக முக்கியமாக நினைப்பது, பொருட்களைத் தயாராக வைத்திருக்கும் கடமை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. நிலத்தடியில் தண்ணீர் இருந்தும் ஊர் ஊராக மக்கள் குடத்தோடு தவித்தார்கள். டெல்டா கிராமங்களில் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து டேங்க் நிரப்பியதை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். ஜெனரேட்டர் எங்கே கிடைக்கும், டீசலுக்கு யார் பணம் தருவது, அதை மோட்டாரோடு இணைக்கத் தெரிந்தவர் யார் என்பதையெல்லாம் புயலுக்குப் பிறகு தேடக் கூடாது. மரம் அறுக்கும் இயந்திரம், மணல் மூட்டை, குளோரின், தண்ணீர் இறைக்கும் பம்பு, ஜேசிபி வைத்திருப்பவரின் நம்பர் எல்லாமே இந்தக் கடமைக்குள் அடங்கும்.

கஜா அடித்தபோது தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. தலைவர் இல்லாவிட்டாலும் கடமை நீங்காது. அதை உள்ளாட்சி அமைப்பின் மீதுதான் சட்டம் வைத்திருக்கிறது. தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

ஊராட்சியின் திட்டம் எப்படி இருக்க வேண்டும்? மாவட்டத் திட்டத்தை நகலெடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் அது யாருக்கும் உதவாது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், நடக்க முடியாத முதியவர்களும் படுத்த படுக்கையாக இருப்பவர்களும் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், பிரசவ நாள் நெருங்கிய பெண்கள் யார், அவர்களை எந்த வண்டியில் யார் அழைத்துப் போவார்கள், முகாம் நடத்தும் பள்ளியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் உட்கார்ந்து பேசினால் ஒரே மாலையில் பாதிப் பட்டியல் தயாராகிவிடும்.

முகாமுக்குப் போனால் கிடைக்க வேண்டியவற்றுக்கும் அளவு உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச நிவாரண நெறிமுறைகளின்படி, ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம், குடிக்க நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கழிப்பறையும் குளியல் இடமும், பெரியவர்களுக்கு நாளுக்கு 2,400 கலோரி உணவு, பெண்களுக்கு சானிட்டரி நாப்கின் தரப்பட வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டே கழிப்பறை இருந்தால், இந்தக் கணக்குப்படி அங்கே 60 பேரைத்தான் தங்கவைக்க முடியும். முந்நூறு பேருக்கான முகாம் என்று அதே பள்ளியைக் காகிதத்தில் எழுதியிருந்தால் இப்போதே கேளுங்கள். மழை தொடங்கிய பிறகு கழிப்பறை கட்ட முடியாது.

நிவாரணத்தில் சாதி, மதம், பாலினம் பார்க்கக் கூடாது என்று பிரிவு 61 தெளிவாகச் சொல்கிறது. சுனாமி நிவாரணத்தின்போது நாகை மாவட்டத்தில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதாக எழுந்த புகார்களை மறந்துவிடக் கூடாது. நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடல் செய்தால், பிரிவு 53-ன்படி இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. நிவாரணம் பெறப் பொய்யாக விண்ணப்பிப்பவருக்கும் பிரிவு 52-ன்படி இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு.

மாநகராட்சிவாசிகளுக்குப் புதிய செய்தி ஒன்று. 2025-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, மாநகராட்சி உள்ள நகரங்களில் ஆணையர் தலைமையில் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை மாநில அரசு அமைக்கலாம்.

சரி, எங்கே கேட்பது? கிராம சபையில் கேட்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஆகஸ்ட் 15-ம் அக்டோபர் 2-ம் இதற்குப் பொருத்தமானவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், ஆகஸ்டில் திட்டத்தைக் கேட்டு, குறைகளைத் தீர்மானமாக எழுதவைத்து, அக்டோபரில் சரிபார்க்கலாம். வாய்மொழி உறுதியோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அது நிற்கும். மாவட்டத் திட்டத்தைப் பெரும்பாலும் மாவட்ட இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் வெள்ள அபாயப் பகுதிப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், கடந்த வெள்ளத்தில் தண்ணீர் நின்ற அளவைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள்.

ஊராட்சித் திட்டத்தின் நகல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், வாங்கியவரே ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்ப வேண்டும் என்பதால் முகவரி தவறிவிடுமோ என்று தயங்க வேண்டாம். அவசர நேரத்தில் அழைக்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. இரண்டும் கட்டணமில்லாதவை.