காய்ச்சினால் போகாது ஃபுளோரைடு

"சார், பச்சைத் தண்ணீர் நாங்கள் குடிப்பதே இல்லை. கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். அப்படியும் பல் ஏன் இப்படி ஆகிவிட்டது?"

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த தாய், மகனின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்களில் குறுக்காகக் காவிக் கோடுகள், ஓரங்களில் சுண்ணாம்பு பட்டதுபோல் வெள்ளைத் திட்டுகள். பாட்டிலில் அவர் கொண்டுவந்த போர் தண்ணீரோ பளிங்குபோல் இருந்தது. சோதித்துப் பார்த்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு. அளவு மிஞ்சினால் பல்லைக் கறையாக்குவது இதுதான்.

தருமபுரியில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே மண்ணுக்கடியில் இருப்பது கருங்கல் பாறை. அதன் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. இந்த அளவுகளில் அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. அதனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற கணக்கு ஒன்றுதான் நமக்குத் துணை. அதைத்தான் பள்ளியில் செறிவு என்று படித்தோம்: இத்தனை கரைசலில் இத்தனை கரைபொருள்.

அந்தத் தாயிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஐந்து லிட்டர் தண்ணீரில் 10 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. அடுப்பில் கொதித்து ஒரு லிட்டர் ஆவியாகிவிடுகிறது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. 10 மில்லிகிராமும் பாத்திரத்திலேயே நிற்கிறது. பத்தை நான்கால் வகுத்தால் லிட்டருக்கு 2.5. காய்ச்சுவது கிருமிக்கு நல்லது. ஃபுளோரைடையோ அது கூட்டிவிடுகிறது. அவர் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் 'பிபிஎம்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை சுமார் ஒரு கிலோ, அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். அதில் ஒரு மில்லிகிராம் என்பதுதான் ஒரு பிபிஎம். இந்தியக் குடிநீர்த் தரப்படி ஃபுளோரைடு 1.0-க்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கலாம்.

இந்த எண் எவ்வளவு நுட்பமானது என்பதை எங்கள் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். மற்ற தண்ணீரை ஒப்பிட்டு அளக்க, அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல் ஒன்று வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு கொண்ட அந்தக் கரைசலைத் தயாரிக்க 221 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு எடுக்க வேண்டும். ஏனென்றால் அந்த உப்பின் எடையில் சுமார் 45 சதவீதம்தான் ஃபுளோரைடு, மீதி சோடியம். பயிற்சிக்கு வந்த ஒருவர் 100 மில்லிகிராம் உப்பை நிறுத்துக் கரைத்துவிட்டார். மறுசோதனையில் பிடிபடாமல் போயிருந்தால், 0.9 உள்ள நல்ல தண்ணீருக்கு 2.0 என்று எழுதிக் கொடுத்திருப்போம்.

பலரும் கவனிக்காத இடம் சமையல். சோற்றை வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் ஃபுளோரைடு வெளியேறும். நம் கேழ்வரகுக் களியில் வடிப்பதே இல்லை. உலையில் ஊற்றிய தண்ணீரில் இருந்த அத்தனையும் உருண்டைக்குள் போய்விடுகிறது. செறிவு ஒன்றாகவே இருந்தாலும் உடம்பில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். கிருஷ்ணகிரி கல் குவாரியில் வெயிலில் நான்கு லிட்டர் குடிப்பவர், வீட்டில் இரண்டு லிட்டர் குடிப்பவரைப்போல் இரு மடங்கு ஃபுளோரைடை உள்ளே அனுப்புகிறார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது இந்தக் குறைக்காகவும்தான். அந்தத் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். போதாமல் போர் தண்ணீரைக் கலந்தே தீர வேண்டுமென்றால் கணக்குப் போட்டுக் கலக்குங்கள். ஆற்றுத் தண்ணீரில் 0.4, போரில் 2.4 என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவுக் குடத்தில் ஏழு ஆற்றுத் தண்ணீரும் மூன்று போர் தண்ணீரும் சேர்த்தால் லிட்டருக்கு 1.0 வரும். பாதிக்குப் பாதி கலந்தால் 1.4 ஆகிவிடும். துணியில் வடிகட்டுவதால் பயனில்லை.

பால் பல் விழுந்து முளைக்கும் முன்பற்கள், ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே கறையை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே கைக்குழந்தை இருக்கும் வீட்டார் முதலில் வாருங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம்; சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, எந்தக் கிணறு, என்றைக்குப் பிடித்தது என்று எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள்.