டோஸ் – ஏற்பளவு

'டோசிஸ்' என்றால் கிரேக்கத்தில் கொடுத்தல். ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவாகி, அங்கிருந்து கதிர்வீச்சுத் துறைக்கு வந்தது 'டோஸ்'. ஆனால் கதிர் மூலத்தின் (கதிர்வீச்சை வெளியிடும் பொருளின்) அருகே நிற்பவருக்கு யாரும் எதையும் அளந்து கொடுப்பதில்லை, உடல்தான் ஏற்கிறது. 'ஏல்' என்ற வினையடியில் பிறந்த 'ஏற்பளவு' அதனால் மூலச்சொல்லைவிடவே பொருத்தம். (பேச்சுத் தமிழுக்கு இது முன்பே தெரியும்: மேலாளரிடம் டோஸ் 'வாங்கினேன்' என்றுதானே சொல்கிறோம்!)

பலரும் எழுதும் 'கதிர்வீச்சு அளவு' வேண்டாம். மீட்டர் காட்டுவதும் அளவு, பேட்ஜில் பதிவதும் அளவு என்றால் பயிற்சிக்கு வந்தவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். ஓரிடத்தின் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் காட்டுவது ஏற்பளவு வீதம், அதாவது மழையின் வேகம். ஒருவர் ஏற்ற கதிர்வீச்சைப் பதிவுசெய்ய மார்பில் குத்திய டிஎல்டி பேட்ஜில் சேர்வது ஏற்பளவு, அதாவது நீங்கள் நனைந்தது. ஏற்பளவின் அலகு சீவர்ட்; ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட். மணிக்கு 40 மைக்ரோசீவர்ட் காட்டும் இடத்தில் 15 நிமிடம் நின்றால் ஏற்பளவு 10 மைக்ரோசீவர்ட்தான். "நாற்பது வாங்கிட்டேன்" என்று பதறுவது தவறு. "நாற்பதுதானே" என்று தினமும் எட்டு மணி நேரம் அங்கேயே உட்காருவதும் அதே தவறு: நாளுக்கு 320 மைக்ரோசீவர்ட், 63 வேலைநாளில் 20 மில்லிசீவர்ட் தாண்டிவிடும்.

அந்த 20, பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் ஆண்டு வரம்பு. ஐந்தாண்டுச் சராசரியாகக் கணக்கிடுவார்கள், எந்த ஓராண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது. தாண்டியதும் நோய் வரும் கோடு அன்று இது. 10,000 பேர் தலா 20 மில்லிசீவர்ட் ஏற்றால் கூடுதலாகச் சுமார் 8 பேருக்குக் கடும் புற்றுநோய் வரலாம் என்பது ஆணையத்தின் எண்களிலிருந்து வரும் கணக்கு. வேலையிடத்தில் கதிர் படாவிட்டாலும் அதே கூட்டத்தில் உலகச் சராசரிப்படி சுமார் 2,000 பேருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும். வகுப்பில் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். எட்டை மட்டும் சொன்னால் பீதி, இரண்டாயிரத்தை மட்டும் சொன்னால் அலட்சியம்.

இந்தக் கணக்கு முழு உடல் ஏற்பளவுக்கு. தொழிற்சாலைகளில் உலோக இணைப்புகளைப் படமெடுக்கும் கருவியிலிருந்து கழன்று விழுந்த இரிடியம்-192 மூலத்தைக் கையால் எடுத்தவருக்கு இது உதவாது. விரல்கள் ஏற்பது மார்பு ஏற்பதைவிடப் பல மடங்கு. விரல் வெந்து புண்ணான பிறகும் பேட்ஜின் எண் சிறிதாகவே இருக்கலாம். கையின் ஏற்பளவை அறிய மோதிர டோசிமீட்டர் (விரலில் அணியும் ஏற்பளவுக் கருவி) வேண்டும். விழுந்த மூலத்தை எடுக்க நீண்ட கைப்பிடியுள்ள இடுக்கி வேண்டும்.