மெடிகேரில் சேரும் முன் எச்.எஸ்.ஏ.வை எப்போது நிறுத்துவது?

அமெரிக்காவில் எச்.எஸ்.ஏ. எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள், மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தொடங்கும் மாதம் வரை அதில் பணம் போடலாம் என்றே நினைக்கிறார்கள். 65 வயதைத் தாண்டியும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நினைப்பு தப்பு. மெடிகேருக்கு விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பே பணம் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

மெடிகேரில் எந்தப் பகுதியில் சேர்ந்தாலும், பிரீமியம் இல்லாத பார்ட் ஏ (மருத்துவமனைக் காப்பீடு) மட்டுமே என்றாலும், புதிதாகப் பணம் போடும் தகுதி போய்விடும். நிறுவனம் உங்களுக்காகப் போடும் தொகைக்கும் இதே விதிதான். 65க்குப் பிறகு விண்ணப்பித்தால் பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும்; 65 நிறையும் மாதத்துக்கு முன்னால் மட்டும் போகாது. சோஷியல் செக்யூரிட்டி எனும் அரசு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தாலும் பார்ட் ஏ தானாகவே சேர்ந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

67 வயதுக்காரர் ஒருவர் 2026 அக்டோபரில் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் தனிநபர் வரம்பு 4,400 டாலர். 55 வயதைக் கடந்ததால் இன்னும் 1,000. ஆனால் அவருடைய பார்ட் ஏ ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பங்கு 1,350 டாலர்தான். முழுசாக 5,400 போட்டிருந்தால் 4,050 டாலர் அதிகப்படி. அது கணக்கில் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் 6 சதவீத வரி. வருமான வரித் தாக்கலின் கடைசித் தேதிக்குள், அந்தப் பணம் ஈட்டியதையும் சேர்த்து எடுத்துவிட்டால் இந்த வரி கிடையாது.

சரி, ஏற்கெனவே சேர்த்த பணம்? அது உங்களுடையதுதான். பார்ட் பி (மருத்துவர் செலவு), பார்ட் டி (மருந்துச் செலவு), மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் திட்டம்) பிரீமியங்களை அதிலிருந்து வரியில்லாமல் கட்டலாம். மெடிகேர் தராத பங்கை ஈடுகட்டும் மெடிகேப் எனும் துணைக் காப்பீட்டின் பிரீமியம் மட்டும் கூடாது. 65க்குப் பிறகு மருத்துவம் அல்லாத செலவுக்கு எடுத்தால் 20 சதவீத அபராதம் இல்லை, வருமான வரி உண்டு. அப்படி எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். சாதாரண பல் சிகிச்சை, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் அரசின் அசல் மெடிகேரில் பொதுவாக வராது. அந்தச் செலவுகள் வரும் வயதுதானே இது.

கணவர் மெடிகேருக்குப் போனாலும், எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதியுள்ள காப்பீட்டில் தொடரும் மனைவி தன் பெயரிலுள்ள எச்.எஸ்.ஏ.வில் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

20 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனம் என்றால், எச்.எஸ்.ஏ.வுக்காக மெடிகேரைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே பொதுவாக மெடிகேர்தான் முதலில் பணம் தரும் காப்பீடு. நீங்கள் அதில் சேராமல் இருந்தால், அதன் பங்கை நிறுவனக் காப்பீடு தர மறுக்கலாம்.