நகல்கள் இரண்டு

முட்டைக்கோஸ் இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரமாக வெளிர்பச்சையில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சிகள் அப்பியிருக்கும். அசுவினி. ஒரு லென்ஸும் பொறுமையும் இருந்தால் பிரசவமே பார்க்கலாம்: தாயின் பின்புறத்திலிருந்து குட்டி தலைகீழாக, பின்பக்கம் முதலில் வெளிவரும், சற்று நேரம் தொங்கிக்கொண்டே காலை உதறும், கால் ஊன்றியதும் நடக்கத் தொடங்கிவிடும்.

இந்தப் பச்சை அசுவினிக்கு (மைசஸ் பெர்சிகே) கோடையில் ஆண் தேவையில்லை. பிறப்பதெல்லாம் பெண், எல்லாம் தாயின் நகல். பிறக்காத குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த கரு வளரத் தொடங்கியிருக்கும் என்பதுதான் வேடிக்கை. பாட்டி, மகள், பேத்தி மூவரும் ஒரே உடம்பில்! கதகதப்பான நாட்களில் சுமார் 10 நாளில் குட்டியும் தாயாகிவிடும்.

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் இன்னொரு நகலெடுப்பாளர் நிற்கிறது: அகேசியா ப்யூபசென்ஸ். வேலமரத்துக்குத் தூரத்து உறவான வாட்டில் வகைப் புதர். 1 முதல் 5 மீட்டர் உயரம், மென்மயிர் போர்த்த கிளைகள், ஆகஸ்ட் வாக்கில் மஞ்சள் பந்துகளாகப் பூக்கள். ஆனால் நாற்றைக் காண்பது அரிது. பெரும்பாலும் வேரிலிருந்து கன்று கிளம்பித்தான் பெருகுகிறது. கணக்கெடுப்பவர் பாடு திண்டாட்டம்: மேலே ஐம்பது தண்டுகள் நிற்கும், மண்ணுக்கடியில் அத்தனையும் ஒரே செடியாக இருக்கலாம்.

வித்தை ஒன்றுதான். அசுவினியோ உலகம் முழுக்கத் தொல்லை. இந்தப் புதரோ ஆஸ்திரேலியாவின் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில்.

அசுவினியின் நகலால் கிளம்பிப் போக முடியும். கூட்டம் நெரிந்து ஒன்றோடொன்று உரசினால் போதும், அடுத்து வளரும் குட்டிகளுக்கு இறக்கை முளைக்கும். காற்று எங்கே இறக்கினாலும் பெரிய கவலையில்லை. 40 தாவரக் குடும்பங்களுக்கு மேல் அது சாறு உறிஞ்சும். குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் ஆணும் பெண்ணுமாகப் பிறந்து, கூடி, பீச் மரத்தில் முட்டை வைக்கும். மரபணுச் சீட்டுக்கட்டை ஒருமுறை கலைத்தாயிற்று.

புதரின் கன்றுக்கு வேரின் நீளம்தான் எல்லை. குறுக்கே ஒரு சாலை போட்டால் அங்கேயே முடிந்தது. கலைத்துப் போட விதை வேண்டும். வாட்டில் விதையின் கெட்டி உறையைத் திறப்பதோ பெரும்பாலும் காட்டுத்தீயின் சூடு. வீடுகளுக்கு நடுவே தீ வைக்க யார் விடுவார்? புல்வெட்டும் இயந்திரம்தான் வருகிறது. வெட்டிப்போன இடத்தில் வேர் மறுபடி கன்று விடும், அதுவும் அந்தப் பழைய செடியேதான்.